மேல்பக்கம் எது

துவாக்குடியிலிருந்து வந்த பஸ்ஸில் முன் சீட்டில் அக்காவும் தங்கையும். திருவெறும்பூர் தாண்டியதும் அக்கா ஆரம்பித்தார்.

“எது மேல்பக்கம்னு பிரிண்ட் போடுறவர் கேக்குறாருடி.”

“எதுக்குக்கா?”

“எம்பொண்ணு வரைஞ்ச படத்தை முந்தானையில போடச் சொன்னேன். அவ தவறிப்போயி வருஷமாகுதுல்ல, பூசைக்கு அதைத்தான் கட்டிக்கணும்.”

“படத்தைப் பாத்தாலே தெரியுமே.”

“மூஞ்சியா, மரமா? வெறும் நீலமும் கறுப்பும். எப்படித் திருப்பினாலும் சரியாத்தான் தெரியுது.”

“பேரு போட்டிருப்பாளே?”

“போடல.”

“சுவத்துல எப்படி மாட்டியிருந்தீங்க?”

காட்டூரில் ஆட்கள் ஏற, பஸ் கிளம்பியது.

“மாட்டவே இல்லடி. எத்தனையோ தடவை கேட்டா. ஆணி அடிச்சா ஹவுஸ் ஓனர் திட்டுவார்னு பீரோவுக்குப் பின்னாலயே வச்சிட்டேன்.”