சத்தம் போன ஆண்டு விழா

“சத்தமே வராத பாட்டுக்கு நாப்பது பேரு ‘சூப்பர்’னு போட்டிருக்காங்க, அக்கா.”

ஆவடி போகும் மின்சார ரயிலில் என் எதிரே இரண்டு பாட்டு டீச்சர்கள். இப்படிச் சொன்னவர் இளையவர். பள்ளி ஆண்டு விழாவில் தன் மாணவர்கள் பாடியதை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்; உரிமைப் புகாரில் அதன் சத்தம் போய்விட்டது.

“பழைய பாட்டுதானே? அதுக்கு யாரு உரிமை கேக்கப் போறா?” என்றார் மூத்தவர்.

“பாட்டு பழசுதான். பின்னாடி ஓடுன கரோக்கி வேற யாரோடதோ. நெட்ல சும்மா கெடக்குதேன்னு எடுத்துட்டேன். அவங்க உரிமை கேட்டதும், வீடியோல மொத்த சத்தத்தையும் சைட்காரங்க எடுத்துட்டாங்க.”

“சுருதிப் பெட்டிய வெச்சே பாட வுட்டிருக்கலாம்ல?”

“இனிமே அப்டித்தான். கரோக்கிக்காரங்க அனுமதி குடுத்தா சத்தம் திரும்ப வந்துடுமாம். மெயில் எழுதி வெச்சிருக்கேன்.”

“சத்தம் வரலன்னு பெத்தவங்க ஒருத்தர்கூடவா சொல்லல?”

“ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒருத்திதான் வந்து சொன்னா. தனியாப் பாடுற எடத்துல குரல் ஒடஞ்சு, மேடையிலயே அழுதாளே, அவ.”

“இன்னா சொன்னா?”

“‘இப்டியே இருக்கட்டும் மிஸ்’னா.”

அண்ணனூர் வந்தது. இருவரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

“மெயில அனுப்பிட்டியா?”

“இல்லக்கா.”