ஒரே பேரில் இரண்டு புள்ளிகள்

டீ நன்றாக இருக்கிறது சார். எங்கள் கல்லூரி கேன்டீன் டீயைக் குடித்து வளர்ந்தவனுக்கு ஸ்டேஷன் டீ விருந்துதான்.

நான் செய்தது ஒரு வெப் சர்வீஸ். எழுதிக்கொள்கிற ஏட்டையாவுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சேலம் பஸ் ஸ்டாண்டில் விசாரணை ஜன்னல் இருக்கிறதல்லவா. ஈரோடு பஸ் எங்கே என்று கேட்டால் உள்ளேயிருந்து பதில் வரும். கேட்பவர் யார், எதற்குப் போகிறார் என்று உள்ளே இருப்பவர் விசாரிப்பதில்லை. கேட்கிற முறையில் கேட்டால் போதும். ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவலை இப்படித்தான் வாங்குகிறது. இரண்டையும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு மொழியில் எழுதியிருப்பார்கள். ஆனாலும் சண்டையில்லாமல் பேசிக்கொள்ளும்.

என்னிடம் அப்படி இரண்டு ஜன்னல்களின் சாவி இருந்தது. ஒன்று கல்லூரி பஸ் ஆப். பஸ் எங்கே வருகிறது என்று மாணவர்கள் பார்ப்பார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஆப் பார்த்துக்கொண்டிருக்கும். அனுமதி கேட்டுவிட்டுத்தான் பார்க்கும். யாரும் படிக்காமல் சரி என்று அழுத்துவார்கள். இன்னொன்று நாமக்கல்லில் நான் பகுதி நேரமாக வேலை பார்த்த கம்பெனியுடையது. லாரி எங்கே நிற்கிறது என்று முதலாளியின் போனில் புள்ளியாகக் காட்டும்.

இரண்டையும் இணைத்தால் யாருக்குப் பிரயோஜனம், நிஜமான பயனாளி ஒருவரைக் காட்டு என்றார் ப்ராஜெக்ட் கைடு ஆனந்தகுமார் சார். நியாயமான கேள்வி. எனக்குக் கம்பெனியின் வாடிக்கையாளர் சின்னண்ணன் ஞாபகத்துக்கு வந்தார்.

வெண்ணந்தூர்க்காரர். தோட்டமும் லாரிகளும் உண்டு. எங்கள் பக்கத்தில் லாரி நெற்றியில் மகள் பேரை எழுதுவது வழக்கம். அவருடைய புது வண்டியில் மஞ்சள் எழுத்தில் ‘சண்முகப்பிரியா’ என்றிருக்கும். லாரி ஆப்பிலும் அந்த வண்டிக்கு அதே பேர்தான். மகள் சண்முகப்பிரியா எனக்கு ஒரு வருடம் ஜூனியர். நான் நடத்துகிற நக்கல் பத்திரிகையைப் படித்து வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே வாசகி. ஒருநாள் கேன்டீனில் எல்லோர் முன்னாலும், “இவரு எனக்கு அண்ணன் மாதிரிங்க” என்றாள். அப்பா பேரிலேயே ஓர் அண்ணன் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று நானும் சிரித்தேன். அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

அவள் சூரமங்கலத்து ஜெரால்டைக் காதலித்தாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன், அப்பா ரயில்வேயில். அரசல்புரசலாகக் கேள்விப்பட்டு, இனி அவனைப் பார்க்கப் போனால் இரண்டு பேரையும் லாரி ஏற்றிக் கொன்றுவிடுவேன் என்று சின்னண்ணன் வீட்டில் சொல்லியிருந்தார். “அப்பா சொன்னா செய்வாருங்ணா” என்று அவளே என்னிடம் அழுதாள். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

அவள் போன் இருக்கும் இடத்தை அவர் ஆப்பில் இன்னொரு வண்டியாகச் சேர்த்தேன். பேரை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

விடுதியில் இருப்பதாகச் சொல்லிவிட்டு அவள் ஜெரால்ட் வீட்டுக்குப் போன அன்று, சின்னண்ணன் கம்பெனிக்குப் போன் செய்தார். எடுத்தது நான்.

“ஏஞ்சாமி, சண்முகப்பிரியா ரெண்டு காட்டுதே. ஒண்ணு எங்க ஊட்டு வாசல்ல நிக்குது, சரி. இன்னொண்ணு சூரமங்கலத்துல ரயில்வே கோட்டர்ஸுக்குள்ள நிக்குது. எனக்கு அந்தப் பேருல ஒரே வண்டிதானே?”

“ஆமாங்க. வண்டி ஒண்ணுதானுங்க.”

ரயில்வே கோட்டர்ஸா என்று தனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, “செரி சாமி, வெச்சுரு” என்றார். நிதானமான வாடிக்கையாளர்.

சற்று நேரத்தில் அவள் கூப்பிட்டாள். அம்மா பாப்பாயி ரகசியமாகத் தகவல் சொல்லியிருக்கிறார்.

“அப்பா லாரிய எடுத்துட்டுக் கெளம்பிட்டாருங்ணா. எப்புடித் தெரிஞ்சுதுன்னே தெரியல. போன அணைச்சுப் போட்டுட்டு ரெண்டு பேரும் ரயிலேறிரட்டுங்களா?”

ஏறியிருந்தால் தப்பித்திருப்பார்கள். ஜங்ஷன் அங்கிருந்து நடக்கிற தூரம்.

“வேண்டாம். ஜங்ஷன்ல ஆள் நிறுத்தியிருப்பாங்க. பைக்குல பைபாஸ் புடிச்சுப் போங்க. போன மட்டும் அணைக்காத, நான் வழி சொல்றேன்.”

“நீங்க இருக்கறது தெம்பா இருக்குதுங்ணா” என்றாள்.

என் திரையில் ஒரே பேரில் இரண்டு புள்ளிகள், எதிரெதிராக. கொண்டலாம்பட்டி தாண்டி அவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். நேராகவே போகச் சொன்னேன். பிறகு இரண்டும் ஒரே புள்ளியாயின. கொஞ்சங்கூடப் பிசகில்லை. லாரி நெற்றியில் பேர் பாதிதான் மிச்சம் என்று மறுநாள் பேப்பரில் படம் பார்த்தேன்.

ஓட்டியது அவர். அழைத்து வந்து நிறுத்தியது நான். இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். காரணம் என்ற இடத்தில் ஏட்டையா ஒருதலைக் காதல் என்று எழுதுகிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அவள் மேல் எனக்கு அப்படி எதுவும் கிடையாது.

அவள் போன் உடையாமல் கிடைத்தது என்றீர்கள். அதில் என் நம்பரை எந்தப் பேரில் வைத்திருக்கிறாள் என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா சார். வெறும் பேர்தானா, பின்னால் ‘அண்ணா’ இருக்கிறதா.