“கை கழுவிட்டு வாறன்”

மழை விட்ட மாலை. விளக்குப் போடும் நேரம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கை... அன்றைக்கு அதில் ஒரு நாய்கூட இல்லை. கிட்ட வந்து இருங்கள், கண்ணுகளே. பயந்தவர்கள் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒழுங்கைச் சாப்பாட்டுக் கடையில் கிளின்ரன் நண்டுக் கறியோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த கொட்டாஞ்சேனை புளோறன்ஸின் பெறாமகன், தங்கை பெற்ற பிள்ளை. சென்னையில் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்று வந்தவன். அவன் முகம் ஒட்டாத பஸ்ஸே அந்த மாதம் ஓடவில்லை.

மேசைக்குச் சற்றுத் தள்ளி ஒரு அம்மா வந்து நின்றாள். நனைந்த குடை. நல்லெண்ணெய் வாசம். கையில் போன்.

“குழப்பிறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி. என்ர மகள் மிதுனா ஆஸ்பத்திரியில கடுமை... உங்கட பாட்டெண்டா உயிர். ‘மிதுனா, கெதியாச் சுகமாகுங்கோ’ எண்டு இந்த போனுக்கு ஒருக்காச் சொன்னாக் காணும். நீங்கள் சாப்பிட்டு முடியுங்கோ, நான் நிக்கிறன்.”

“கை கழுவிட்டு வாறன் அன்ரி. உதிலயே நில்லுங்கோ.”

எழும்பினான். கை கழுவும் இடத்தைத் தாண்டி, பின்பக்கக் குசினிக் கதவால் இறங்கி, கூட்டாளி கிறிஸ்ரியின் காரில் ஏறினான்.

“அன்ரி விடியுமட்டும் நிக்கும் மச்சான்,” என்றான் கிறிஸ்ரி. “நாளைக்கு வந்து நண்டுக் கோதைக் குடுப்பம்.”

சிரித்தார்கள்.

அவள் கண்டுவிட்டாள்... ஒழுங்கையால் ஓடி வந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தெருவில் கத்தினால் அவனுக்கு வெட்கமென்று நினைத்தாளோ என்னவோ. கடலோர வீதியில் ஏறியதும் வேகமாய் வந்த ஒரு வான்... டொம். பிறகு, குடை தாரில் உருளும் சத்தம்.

கிளின்ரன் கார்க் கண்ணாடியில் பார்த்தான். “நிப்பாட்டாதை. போ,” என்றான். விரல்களில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

தாயைக் கேட்டுக் கேட்டே மிதுனாவும் அந்தக் கிழமை போய்விட்டாள்.

வான் அடித்த அன்றிரவே கிளின்ரன் வீட்டில் குழாயைத் திறந்தான். தண்ணீர் விரலில் படமுன்னரே... முதுகுக்குப் பின்னால் நல்லெண்ணெய் வாசம். ஈரக் குடை சொட்டும் சத்தம். சொட்... சொட்...

“கழுவீட்டீங்களோ தம்பி?”

குழாயை மூடினான். வாசம் போய்விட்டது.

அதன்பிறகு அந்தக் கையை அவன் கழுவவே இல்லை. குளிக்கும்போது பொலித்தீன் பை. மேடையில் வெள்ளைக் கையுறை. அதுதான் ஸ்டைலென்று பெடியள் எல்லாரும் ஒற்றைக் கையுறையோடு திரிந்தார்கள். உள்ளே முதலில் நண்டு வாசம்... பிறகு வேறு வாசம்.

கையின் நஞ்சு உடம்பில் ஏறியது. ஆஸ்பத்திரியில் கிடந்தான். தொண்டைக்குள் குழாய், பேச்சில்லை. பக்கத்தில் புளோறன்ஸ், செபமாலையோடு. புதிதாய் வந்த தாதி வெந்நீர்ச் சட்டியோடு வந்தாள். இரக்கமுள்ள பிள்ளை.

“ஐயோ பாவம், இந்தக் கையை ஒருத்தரும் துடைக்கேல்லையோ?”

அவன் தலையை ஆட்டினான்... ஆட்டினான்... கண்ணால் தண்ணீர் ஓடியது.

“கூசுதோ? கொஞ்சம் பொறுங்கோ,” என்று விரல் விரலாய்க் கழுவினாள். பிறகு வாசலைப் பார்த்து, “ஓம் அம்மா, கழுவியாச்சு. உள்ளுக்கு வாங்கோ,” என்றாள்.

புளோறன்ஸ் திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஒருவருமில்லை. தரையில் மட்டும் ஈரம்... கட்டிலை நோக்கி, சொட்டுச் சொட்டாய்.

தொண்டைக்குள் குழாய் இருந்தபடியே கிளின்ரன் தெளிவாய்ச் சொன்னான்: “மிதுனா, கெதியாச் சுகமாகுங்கோ.”

“வடிவா வரேல்லை தம்பி. குறை நினையாதேங்கோ... இன்னொருக்கா.”

சொன்னான்.

“இன்னொருக்கா.”

மெஷினில் கோடு நேராய்ப் போனது. டொக்டர் வந்து பார்த்து, அவன் கண்களை மூடிவிட்டார். வெள்ளைத் துணியை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டார்கள்.

வாய் இருந்த இடத்தில் அந்தத் துணி... மெல்ல மெல்ல அசைந்துகொண்டே இருந்தது.