காற்றுக்காலத்தில் கிட்டைப் புதுப்பித்த ரீத்தா அம்மையாருக்குப் பணிநிறைவு வாழ்த்துமடல்

ஆரல்வாய்மொழி காற்றாலைக் கண்காணிப்பு அலுவலகத்தின் கூடத்தில் இன்று கூடியிருப்போர்: மேலாளர் வள்ளிநாயகமாகிய நான், இங்கேயே பணிபுரியும் என் மகன் தாணுமாலயன், மென்பொருள் பிரிவின் சஜின், ஸ்மிதா, காற்றாடிக் களத்திலிருந்து வந்த அல்போன்ஸ், தங்கள் கணவர் பிரைட்டன். வேலை நேரத்தில் இவர்கள் எனக்காக ஒருநாளும் இப்படிக் கூடியதில்லை.

கடலோரம் பிறந்து கணவாய்க் காற்றை ஆண்ட கணினிக் காவலரே, கலங்காத கருத்தும் கனிந்த சொல்லும் கொண்ட ரீத்தா அம்மையீர், வணக்கம்.

சேவையகங்களின் பொறுப்பைத் தாங்கள் ஏற்ற நாள்முதல், களத்தில் ஒரு காற்றாடி நின்றாலும் முதலில் ஒலிப்பது தங்கள் கைப்பேசி. மேலாளரின் கைப்பேசி மேசைமேல் கிடக்கும். சுசீந்திரத்தில் தலைமுறைகளாக ஊர் வழக்குகளைத் தீர்த்துவைத்த வீட்டில் பிறந்தவன் நான். என் மகன் என் சொல்லுக்கு மறுசொல் வைப்பான். "ரீத்தாக்கா சொல்லிட்டாவ" என்றால் அடங்குவான். இது பொறாமை என்கிறார் ஸ்மிதா. சரியான சொல்தான். தங்கள் இடத்துக்கு இப்போது என் மகன் பெயர்தான் தலைமையகத்துக்குப் போயிருக்கிறது.

சென்ற ஆனியில், நிரலில் யார் எந்த வரியை மாற்றினார் என்ற கணக்கைக் காத்துவைக்கும் கிட் மென்பொருள் நம் லினக்ஸ் சேவையகத்தில் மிகப் பழையதாகிவிட்டது. புதுப்பிக்கும் வேலையைத் தாணுமாலயன் கேட்டு வாங்கினான். புது நெல் வருமுன் பத்தாயத்தைக் காலிசெய்து துடைத்துவைக்கும் வீட்டில் வளர்ந்தவன். பழைய கிட்டை முதலில் நீக்கினான். புதியதன் மூலநிரலை இறக்க அவன் அறிந்த வழிக்கும் அந்தக் கிட் மென்பொருளே வேண்டியிருந்தது. காற்றாடிகளுக்குப் போக வேண்டிய நிரல் திருத்தமும் நின்றது. "அண்ணாச்சி, அங்க எல்லாரும் ஒறங்குதியளா?" என்று களத்திலிருந்து அல்போன்ஸ் கேட்டார்.

தாங்கள் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "ஏலே மக்கா, இது என்ன பத்தாயமா? புதுசு நின்னு வேல செய்யுகதுவரை பழசு கெடக்கட்டு" என்றீர்கள். பழையதைத் திரும்ப நிறுவி, புதியதைத் தனி இடத்தில் கட்டி, சோதித்து, அதன்பிறகே பாதையைப் புதியதன் பக்கம் திருப்பினீர்கள். சஜின் திரையில் பழைய பதிப்பின் எண்ணே மீண்டும் வந்தபோது என் முகம் மலர்ந்தது. "அந்தச் சன்னல அடைச்சிட்டு வேற தொற மக்கா, அது பழைய வழியையே ஓர்மையில வச்சிருக்கு" என்றீர்கள். சஜின் திரையில் வேறு சன்னல் திறந்தார். புதிய எண் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்ட வேண்டியதாயிற்று.

நோயின்றி, நொடியின்றி, உறவும் நட்பும் சூழ, கடற்காற்று படும் வீட்டில் நெடுநாள் இருங்கள். களத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம். நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
அலுவலகத்தார் அனைவரும்

கையொப்பங்களுக்குக் கீழே ஒன்று. சட்டமிட்டு மாட்டப்போகும் மடல் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். அன்று கிட்டைப் புதுப்பித்தவன் தாணுமாலயன், பெயர் மட்டும் ரீத்தாவுக்குப் போயிற்று என்று சுசீந்திரத்தில் என் உறவினர்கள் பேசிவருகிறார்கள். தலைமையகமும் அதை நம்பியிருக்கிறது. அது பொய். அவன் செய்தது பழையதை நீக்கியது மட்டுமே. புதுப்பித்தவர் ரீத்தா.