கப்பலுக்குள் நிற்கும் கோச்சி

கத்தரின்: நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க. மெற்றோ எண்டு சொல்லிப்போட்டீங்க.

எமிலியானுஸ்: எங்க சொன்னன்?

கத்தரின்: "நான் வேலைக்கு மெற்றோவிலதான் போறன்" எண்டு. கொப்பன்ஹேகனில நிலத்துக்குக் கீழ ஓடுற கோச்சி எங்க இரிக்கு? அது இஞ்ச மொன்றியலில.

எமிலியானுஸ்: மட்டக்களப்பில இருக்கிற மனிசிக்கு இதெல்லாம் தெரியப்போகுதா, புள்ள?

கத்தரின்: அவவுக்குத் தெரியா. பக்கத்து வீட்டுப் பொடியன் டென்மார்க்கில இருந்தால்? அவவோட கதைக்கிற நேரம் நீங்க எமிலியானுஸ் இல்ல, அவட மகன் அருமைநாதன். அதை மறந்திடாதீங்க. கசற்றை முதல்ல இருந்து சுத்துங்க.

எமிலியானுஸ்: சுத்துறன்... நல்ல டீச்சர் ஒண்டு வாய்ச்சுது எனக்கு.

கத்தரின்: மறுகா, அந்த ஜன்னலையும் சாத்துங்க. கீழ டெப்பனேர்க் கடைக்காரன் போறவாற ஆக்களுக்கெல்லாம் பிரெஞ்சில பொன்ஜூர் சொல்லுறது இதுக்குள்ள விழுது.

எமிலியானுஸ்: சாத்தியாச்சு. இந்த வெக்கையில அவியப்போறம். பட்டனை அமத்து... "அன்புள்ள அம்மா, அப்பா. மகன் அருமைநாதன் கதைக்கிறன். இண்டைக்கு எண்பத்தாறாம் ஆண்டு, ஆனி மாதம்..."

கத்தரின்: இஞ்ச பாருங்க... அப்பிடிக் கூப்பிடாதீங்க.

எமிலியானுஸ்: எப்பிடி?

கத்தரின்: ...ஒண்டுமில்ல. நீங்க சொல்லுங்க.

எமிலியானுஸ்: என்னகா, நடுவில நடுவில பூந்து... "மொஸ்கோ எயாப்போட்டில கதிரையில படுத்தது, கிழக்குப் பேர்ளினில றெயின் மாறினது எல்லாம் போன கசற்றில சொன்னன். கோச்சி கப்பலுக்குள்ள ஏறின இடத்தில கசற் முடிஞ்சுபோச்சு. மெய்தான் அம்மா. கோச்சி கடற்கரைக்கு வந்து, பெட்டி பெட்டியாக் கப்பல்ட வயித்துக்குள்ள போகுது. அதுக்குள்ளயும் தண்டவாளம் போட்டிரிக்கு. இருந்த ஸீற்றில இருந்தபடியே கடலுக்கு மேல போறம்..."

கத்தரின்: இவ்வளவு வடிவான கதையை எனக்கு ஒருநாளும் சொல்லல்லயே.

எமிலியானுஸ்: நீ கேட்டாத்தானே. மேல்தட்டில வெள்ளைக்காரச் சனம் ஐஸ்கிறீம் திண்டுகொண்டு நிண்டுது. நான் ஒரு பச்சை அப்பிள் வாங்கினன். வெட்டித் தரட்டா எண்டு பக்கத்தில திரும்பினன்...

கத்தரின்: மறுகா?

எமிலியானுஸ்: பக்கத்தில ஆருமில்ல. அருமைநாதன் நிண்டிருக்க வேண்டிய இடம். கத்தரின், எனக்கு இனி ஏலாது. இண்டைக்கு உண்மையைச் சொல்லப்போறன்.

கத்தரின்: என்னெண்டு சொல்லுவீங்க?

எமிலியானுஸ்: உங்கட மகன் பிளேனே ஏறல்ல எண்டு. கட்டுநாயக்கா எயாப்போட்டில எனக்கு முன்னால லைனில நிண்டவன். ரெண்டு பேர் வந்து, "தம்பி, ஒரு நிமிசம் வாங்க" எண்டு கூட்டிக்கொண்டு போனாங்க. அவ்வளவுதான். மறுகா அவனை ஆரும் காணல்ல.

கத்தரின்: நீங்க என்ன செய்ய ஏலும்? கொழும்பு லொட்ஜில ஒரு கிழமைப் பழக்கம்.

எமிலியானுஸ்: டென்மார்க்குக்கு எண்டுதான் ரெண்டு பேரும் வெளிக்கிட்டது, நான்தான் மறுகா இஞ்ச வந்தது. ஆர் முதல் போய்ச் சேருறமோ, அவர் ரெண்டு வீட்டுக்கும் கசற் போடுறது எண்டுதான் பேச்சு. முதல் கசற்றிலயே சொல்லத்தான் இருந்தனான். "அம்மா" எண்டு வாயெடுத்தன்... சுகமா வந்து சேர்ந்திட்டன் எண்டுதான் வாயில வந்தது.

கத்தரின்: அவவுக்கும் ஒரு ஆறுதல்தானே.

எமிலியானுஸ்: என்ன ஆறுதல்? மகன் டென்மார்க்கில இரிக்கிறானெண்டு நம்பி அந்த மனிசி அவனைத் தேடாம இருந்தால்? அது பெரிய பாவம் புள்ள.

கத்தரின்: அவ தேடாம இருக்கல்ல.

எமிலியானுஸ்: உனக்கெப்பிடித் தெரியும்?

கத்தரின்: ...தேத்தண்ணி ஊத்தட்டா?

எமிலியானுஸ்: கத்தரின்.

கத்தரின்: கோவிக்காதீங்க. சண்முகலிங்கம் அண்ணன் கொப்பன்ஹேகனில இருந்து நம்மட கசற்றுக்கு அந்த நாட்டு முத்திரை ஒட்டி அனுப்புறவர்தானே... அவர்ட விலாசத்துக்கு அவ பதில் கசற் போட்டிரிக்கிறா. அண்ணன் அதை இஞ்ச அனுப்பினவர். நீங்க வேலைக்குப் போன நேரம் நான் கேட்டன்.

எமிலியானுஸ்: கேட்டுப்போட்டு எனக்குச் சொல்லாம வைச்சிருந்தியா?

கத்தரின்: கேட்டால் நீங்க உடைஞ்சுபோவீங்க எண்டு பயந்தன். இனி ஒளிச்சு என்ன. இந்தாங்க, போடுறன்.

கசற்றில் தாயின் குரல்: மகன், உங்கட பேர் எனக்குத் தெரியா. என்ட அருமை என்னை ஒருநாளும் அம்மா எண்டு கூப்பிட்டதில்ல. என்ட தம்பிமாரோட வளந்த புள்ள, அவங்களைப் பாத்து அவனும் அக்கா எண்டுதான் கூப்பிடுவான். உங்கட முதல் கசற்றிலயே எனக்கு விளங்கிட்டுது. அவனைத் தேடி இஞ்ச நான் போகாத ஆமிக் காம்ப் இல்ல. இன்னும் போய்க்கொண்டுதான் இரிக்கிறன். அதை விடுங்க. அவன்ட அப்பா பாயில கிடக்கிறார், காதும் மந்தம். ரெக்கோடரைக் காதடியில வைச்சால் மகன் கதைக்கிறானெண்டு சிரிக்கிறார். கப்பல் கரைக்கு வந்திட்டுதா எண்டு ஒவ்வொருநாளும் கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? கோச்சி கப்பலுக்குள்ளயே நிக்குது. அதை நீங்கதான் மகன் கொப்பன்ஹேகனில கொண்டுபோய் இறக்கிவிடவேணும். மறுகா, உங்கட அம்மாவுக்கும் மறக்காமக் கசற் போடுங்க.

கத்தரின்: ...இஞ்சேருங்க. அழுகிறீங்களா?

எமிலியானுஸ்: இல்ல. பட்டனை அமத்து... "அக்கா, நான் அருமை கதைக்கிறன். கப்பல் கரைக்கு வந்திட்டுது. கோச்சி வெளிய வந்து, ரெண்டு பக்கமும் பச்சை வயலுக்குள்ளால ஓடி, கொப்பன்ஹேகனில வந்து நிண்டிட்டுது. நான் இறங்கிட்டன் அக்கா. அப்பாட்டச் சொல்லுங்க."