இரண்டு நிமிட எருமை

அன்றைக்கும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. சிராங்கூன் ரோட்டில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் இருக்கையில் ஒருவர் தகர டப்பா ஒன்றை மடியில் அணைத்தபடி, பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொன்னார்.

“எட்டு மாசமா ஒரு எருமையை நடக்க வச்சுக்கிட்டிருக்கேன் அண்ணே.”

“மாடு வாங்கிட்டியா? துறைமுக வேலை என்னாச்சு?”

“விட்டுட்டேன். மாடு வாங்கலண்ணே, வரையறேன். டெலிவிஷனுக்குக் கார்ட்டூன் படம். அது ஒரு அடி வைக்கப் பன்னிரண்டு படம் வரையணும்.”

“எல்லாம் உன் கையாலயா?”

“வேற யாரு இருக்கா?”

“எவ்வளவு நேரம் ஓடும்?”

“ரெண்டு நிமிஷம்.”

“ரெண்டு நிமிஷத்துக்கா எட்டு மாசம்! கிறுக்கா உனக்கு?”

“நடுவுல கொம்பு போட மறந்துட்டேன். பொண்டாட்டிதான் கண்டுபிடிச்சா. ஒரு வாரம் திரும்ப வரைஞ்சேன்.”

“அந்தப் படத்தையெல்லாம் காட்டு, பாப்போம்.”

“இல்லண்ணே. கண்ணாடித் தாள் வாங்கி மாளாது. ஒண்ணைப் படம் பிடிச்சதும் கழுவிட்டு அதுலயே அடுத்ததை வரைவேன். டப்பாவுல இருக்கற பிலிம்தான் மிச்சம். இப்ப டெலிவிஷன் ஸ்டேஷன்ல போட்டுப் பாக்கப் போறாங்க. பிடிச்சா வாராவாரம் கேப்பாங்க. பிடிக்கலன்னா திரும்ப மூட்டை தூக்கத்தான்.”

பெரியவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தொடவில்லை.

பஸ் நின்றது. டப்பாக்காரர் அதை நெஞ்சோடு அணைத்தபடி மெதுவாக எழுந்தார். “சீக்கிரம் இறங்குங்க லா!” என்றார் கண்டக்டர்.

பெரியவர் எழுந்து அவருக்கு வழிவிட்டு, ஏற வந்தவர்களை இடிக்கவிடாமல் படியை மறித்து நின்றார்.

“பொறுய்யா! ஒரு மந்தையே இறங்குது.”