செர்ரி ஜாமும் பூட்டு ஊசியும்

செர்ரி ஜாம் காய்ச்சுவதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை, அதிகாரி. உங்கள் மேசைமேல் இருக்கிற பாட்டிலும் என் கைப்பக்குவம்தான். சோதனைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள். எதற்கு வீண் அலைச்சல்? நானே சொல்லிவிடுகிறேன்.

நான் குடிநோய் மருத்துவன். மால்டோவாவில் வீட்டுக்கு வீடு நிலவறையில் ஒயின் பீப்பாய் உண்டு. எனக்கு வேலைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. என் வைத்தியத்துக்கு ஊரார் வைத்த பெயர் பூட்டு ஊசி. 'இனி ஒரு மடக்கு குடித்தாலும் செத்துப்போவேன்' என்ற தாளில், மனைவி பக்கத்தில் நிற்க, கணவன் கையெழுத்துப் போடுவான். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஊசியைக் குத்துவேன். உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர். மிச்சத்தைப் பயம் பார்த்துக்கொள்ளும். அப்படி நாற்பத்திரண்டு பேர் குடியை விட்டார்கள். அவர்களுடைய மனைவிமார் நடுத்தெருவில் என் கையைப் பிடித்து முத்தமிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன்?

அவர்களில் ஒருவர் டிராக்டர் ஓட்டும் செராஃபிம். இதயம் பலவீனம், என் குறிப்பேட்டில் நானே எழுதியிருக்கிறேன். ஊசி போட்டு ஓராண்டு கழித்து, ஒரு காலையில் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"டாக்டரய்யா, அது வெறும் தண்ணிதானே? ஈஸ்டருக்குக் கோயில்ல சாமியார் கரண்டியில ஒயின் குடுத்தாரு, மறந்துபோய் முழுங்கிட்டேன். இப்பச் சாவோம் அப்பச் சாவோம்னு நல்ல சட்டையா மாட்டிக்கிட்டுப் படுத்துக் கிடந்தேன். சாயங்காலம் பசிதான் வந்துச்சு."

நானும் சிரித்துவிட்டேன். "அதுக்கப்புறம் குடிச்சீங்களா?"

"ஒரு சொட்டு இல்ல. பயம் போயிடுச்சு, ஆனாலும் தொடல. அப்ப நிறுத்தினது நான்தானே? ஊசி போட்டுக்கிட்ட நம்ம பசங்களுக்கும் இது தெரியணும். பொண்ணு கல்யாணத்துல எல்லாரும் பார்க்க ஒரே ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டப்போறேன்."

"வேண்டாம் செராஃபிம். மறுநாளே அத்தனை பேரும் பீப்பாயைத் திறந்துடுவாங்க."

"அவங்கள ரொம்ப லேசா எடை போட்டுட்டீங்க டாக்டரய்யா."

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. தினமும் காலையில் அவரைத் தேநீருக்குக் கூப்பிட்டேன். தேநீரோடு வைத்த ஜாமை வழித்து வழித்துச் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் என்று கேட்டும் வாங்கினார். ஊசியில் இருப்பதாக நான் சொல்லிவந்த மருந்து உண்மையிலேயே உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் அப்படிப்பட்ட இதயம் தாங்காது. அதைத்தான் ஜாமில் கலந்தேன். மற்ற நாற்பத்தொரு பேரையும் ஏமாற்றியிருக்கிறேன். சொன்ன மருந்தைச் சொன்னபடி கொடுத்தது செராஃபிமுக்கு மட்டும்தான்.

கல்யாணப் பந்தியில் அவர் எழுந்து நின்றதும் வாத்தியக்காரர்கள் நிறுத்தினார்கள். "பசங்களா, நல்லாப் பாருங்கடா," என்று கிளாஸைக் காலி செய்தார். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அப்பா வேடிக்கை காட்டுகிறார் என்று மகள் இலிங்கா கைதட்டிச் சிரித்தாள். நாடி பிடித்துப் பார்த்தவன் நான்தான்.

நாற்பத்தொரு பேரில் இன்றுவரை ஒருவரும் குடிக்கவில்லை. புதிதாக ஊசிக்கு வருகிறவர்கள் வாசலைத் தாண்டியும் வரிசையில் நிற்கிறார்கள்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். செராஃபிம் என்னிடம் சொன்னதை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். குடியை நிறுத்தியது அவர்கள் இல்லை, அதிகாரி. நான்தான் நிறுத்தினேன்.